மீன் தொட்டிச் செடிகள் நலிந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மீன் தொட்டியில் நட்ட செடி மஞ்சளித்தாலோ கரைந்தாலோ நம்மில் பெரும்பாலோர் முதலில் செய்வது, கடைக்குப் போய் ஒரு திரவ உரப் புட்டியை வாங்கி வந்து ஊற்றுவதுதான். அது பலிக்காதபோது விளக்கை மாற்றுகிறோம். அதுவும் பலிக்காதபோது, நம் வீட்டுத் தண்ணீருக்குச் செடி வராது என்று முடிவுகட்டி பிளாஸ்டிக் செடியை வைத்துவிடுகிறோம். ஆனால் செடிக்கு என்ன குறை என்பதை அதன் இலையே பெரும்பாலும் காட்டிவிடும். எந்த இலையைப் பார்ப்பது, சரிசெய்த பின் எத்தனை நாள் காத்திருப்பது என்ற இரண்டும் தெரிந்திருந்தால், வீண்செலவும் மனச்சோர்வும் பெருமளவு குறையும்.

சென்னையைப் போன்ற ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு செடி வளர்ப்போரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கடினத்தன்மை மிகுந்த நீர், 7.5-க்கும் 8.2-க்கும் இடையிலான பிஎச், கோடையில் 30 டிகிரியைத் தாண்டும் வெப்பம், கரியமில வாயு உருளை இல்லாத எளிய அமைப்பு என்பதே இங்கே நான் எடுத்துக்கொள்ளும் நிலைமை. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியின் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 56 லிட்டர். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக, 45 முதல் 50 லிட்டர் நீர்தான் அதில் நிற்கும். கீழே வரும் அளவுகள் எல்லாம் அந்த 50 லிட்டருக்கானவை.

எதையும் ஊற்றுவதற்கு முன்: கெட்டது பழைய இலையா, புதிய இலையா?

நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய சத்துகளைச் செடி தன் உடலுக்குள் இடம் மாற்றிக்கொள்ள வல்லது. தட்டுப்பாடு வந்தால் முதிர்ந்த இலையிலிருந்து அவற்றை உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். ஆகவே குறை முதலில் அடியிலைகளில் தெரியும். இரும்பு, கால்சியம், மாங்கனீஸ், போரான் ஆகியவை ஓர் இலையில் சேர்ந்தால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். ஆகவே அவற்றின் குறை குருத்தில் தெரியும். இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே பாதிக் காரணங்களை விலக்கிவிடலாம்.

மற்றொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஓட்டை விழுந்த இலை மறுபடி மூடாது. கருகிய ஓரம் பச்சையாகாது. எனவே செய்த மாற்றம் பலித்ததா என்பதை, அதற்குப் பிறகு விரியும் இலையைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, குறைந்தது இரண்டு வாரம் காத்திருங்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே இடத்தில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால், கண்ணுக்குப் பிடிபடாத வளர்ச்சியும் நலிவும் மாத முடிவில் தெளிவாகத் தெரியும்.

புதிதாக வாங்கிய செடி இரண்டு வாரத்தில் கரைகிறது

நீர்ச்செடிப் பண்ணைகள் பலவும் செடிகளை நீருக்கு மேலே, ஈரப்பதம் மிகுந்த காற்றில் வளர்க்கின்றன. காற்றில் விரிந்த இலை தடித்தது. அதன் அமைப்பு நீருக்கு ஏற்றதன்று. தொட்டியில் மூழ்கியதும் செடி அந்த இலைகளைக் கைவிட்டு, மெல்லிய நீரிலைகளை விடத் தொடங்குகிறது. அமேசான் ஸ்வார்டிலும் ஹைக்ரோஃபிலாவிலும் இது அன்றாடம் காணக்கூடியது. கரையும் இலைகளை அடியோடு வெட்டி எடுத்துவிட்டு நடுக்குருத்தைப் பாருங்கள். குருத்து பச்சையாக இருந்தால் செடி பிழைத்துவிடும்.

கிரிப்டோகொரைன் இன்னும் ஒரு படி மேலே போகும். இலங்கையின் ஓடைக்கரைகளுக்கே உரிய வென்டி, பெக்கெட்டி போன்ற இனங்கள் இடம் மாறினாலும், நீரின் தன்மை மாறினாலும், சில வேளைகளில் விளக்கு மாறினாலும்கூட, இருக்கும் இலைகள் அனைத்தையும் ஒரு வாரத்தில் கூழாக்கிவிடும். அது செத்துவிட்டது என்று பிடுங்கி எறிவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. வேர் மண்ணுக்குள் உயிரோடுதான் இருக்கிறது. கூழான இலைகளை உறிஞ்சி எடுத்துவிட்டு அதே இடத்தில் அசைக்காமல் விட்டால், மூன்று முதல் ஆறு வாரங்களில் மணலுக்கு மேல் சிறு முனைகள் எட்டிப்பார்க்கும்.

இவை எதுவும் இல்லாமல் செடி மெல்ல மெல்ல மங்கி, ஒரு புது இலைகூட விடாமல் ஓரிரு மாதத்தில் அழுகினால், அது நீர்ச்செடியே அல்லாமல் இருக்கலாம். லக்கி பாம்பூ, சிங்கோனியம், வெள்ளைக்கோடு போட்ட ஸ்பைடர் செடி ஆகியவை மீன் கடைகளில் தொட்டிக்குள் வைத்தே விற்கப்படுவதுண்டு. இவை தரைச்செடிகள், முழுதும் மூழ்கினால் நிலைக்க மாட்டா. வெளியே எடுத்துப் பூந்தொட்டியில் வைத்தால் நன்றாக வளரும்.

அடியிலைகளில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை, அல்லது மஞ்சள்

எளிய தொட்டிகளில் நான் மிக அதிகமாகக் காண்பது பொட்டாசியக் குறைதான். முதலில் முதிர்ந்த இலையில் கடுகளவு பழுப்புப் புள்ளி தோன்றும். பிறகு அந்தப் புள்ளி உதிர்ந்து ஓட்டையாகும். ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையம் நிற்கும். ஹைக்ரோஃபிலாவிலும் ஜாவா ஃபெர்னிலும் இது விரைவில் தெரியும். நத்தை தின்றுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நம் தொட்டிகளில் இருக்கும் சாதாரண நத்தைகள் பெரும்பாலும் அழுகிய பகுதியைத்தான் தின்கின்றன. மீன் உணவிலிருந்தும் கழிவிலிருந்தும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஓரளவு கிடைத்துவிடும். பொட்டாசியம் அந்த அளவுக்குக் கிடைப்பதில்லை.

அடியிலை முழுவதும் சீராக மஞ்சளித்து உதிர்ந்தால், மீன் குறைவாகவும் செடி அதிகமாகவும் உள்ள தொட்டியில் அது நைட்ரஜன் குறை. நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் வெளுத்தால், அதுவும் பழைய இலையில் என்றால், மக்னீசியத்தைச் சந்தேகிக்கலாம்.

இதற்கெல்லாம் விலை கூடிய புட்டி உரம் தேவையில்லை. உரக்கடைகளில் சொட்டுநீர்ப் பாசனத்துக்காக விற்கப்படும், நீரில் முழுதும் கரையும் உரங்களே போதும். அவற்றின் பையிலுள்ள மூன்று எண்களும் முறையே நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியச் சத்துகளைக் குறிக்கும். 0:0:50 என்பது பொட்டாசியம் சல்ஃபேட். 13:0:45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். 0:52:34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்ஃபேட். முதல் இரண்டில் எது தேவையோ அதில் 10 கிராம் எடுத்து 200 மி.லி. ஆர்.ஓ. நீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வாரம் 10 மி.லி. ஊற்றினால், பொட்டாசியம் சல்ஃபேட் லிட்டருக்கு ஏறத்தாழ 4.5 மி.கி. பொட்டாசியத்தைத் தரும். பொட்டாசியம் நைட்ரேட் 6 மி.கி. நைட்ரேட்டையும் 4 மி.கி. பொட்டாசியத்தையும் தரும். மக்னீசியத்துக்கு எப்சம் உப்பு ஒரு கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மி.கி. கூடும். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றிவந்தால் எதுவும் அளவுக்கு மீறிச் சேராது.

ஒரே ஓர் எச்சரிக்கையை மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அதே கடையில் விற்கும் 19:19:19 உரத்தையோ யூரியாவையோ தொட்டியில் போடாதீர்கள். அவற்றிலுள்ள நைட்ரஜனில் ஒரு பகுதி அம்மோனியமாகவும் யூரியாவாகவும் இருக்கிறது. நம் ஊர் நீரைப் போன்ற காரத்தன்மை உள்ள நீரில் அம்மோனியா மீன்களுக்கு மிகக் கொடிய நஞ்சு. ஒரே இரவில் தொட்டி முழுவதையும் இழக்க நேரிடும்.

குருத்து வெளுக்கிறது, அல்லது முறுக்கிக்கொள்கிறது

புதிய இலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் இரும்பு போதவில்லை. இரும்பு உரம் ஏற்கெனவே ஊற்றி வருகிறேன் என்பவர்கள் அதன் வகையைப் பார்க்க வேண்டும். இரும்பை நீரில் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் சேர்மம் பிஎச்சைப் பொறுத்தே நிற்கும். மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை, பிஎச் 6.5-ஐத் தாண்டினால் தளரத் தொடங்குகிறது. டி.டி.பி.ஏ. ஏறத்தாழ 7.5 வரை தாங்கும். இ.டி.டி.எச்.ஏ. வகையோ 8-ஐத் தாண்டிய நீரிலும் நிலைக்கும். ஆகவே பிஎச் 8 உள்ள நீரில் முதல் வகையை எவ்வளவு ஊற்றினாலும் அது துருவாகப் படிந்து போகும். உரக்கடையில் கிடைக்கும் 6 விழுக்காட்டு இ.டி.டி.எச்.ஏ. இரும்பில் ஒரு கிராமை 100 மி.லி. நீரில் கரைத்து, வாரம் இருமுறை 5 மி.லி. ஊற்றினால் போதும். தண்ணீர் சற்றே செந்நிறம் காட்டும், அதனால் தீங்கில்லை. இரும்புக் கரைசலையும் பாஸ்ஃபேட் கரைசலையும் ஒரே புட்டியில் கலக்கவோ ஒரே வேளையில் ஊற்றவோ வேண்டாம். இரண்டும் சேர்ந்து படிந்துவிடும்.

குருத்திலை முறுக்கிக்கொண்டு, கொக்கிபோல் வளைந்து சிறுத்தால் அது பெரும்பாலும் கால்சியக் குறை. கடினநீர் ஊரில் கால்சியக் குறையா என்று வியப்பாக இருக்கும். அடுக்ககங்களில் பொதுவாக நிறுவப்படும் மென்னீராக்கும் கருவிதான் இதற்கு விடை. அது நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு, ஈடாகச் சோடியத்தைக் கொடுக்கிறது. நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் எண் ஏறக்குறைய அப்படியே இருக்கும். செடிக்கு வேண்டியது மட்டும் அதில் இராது. அந்த நீரைத் தவிர்த்து, கருவிக்கு முன்னுள்ள குழாயிலிருந்து பிடியுங்கள். அது முடியாவிட்டால் ஆர்.ஓ. நீரில் சிறிது ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலந்து பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. நீரை மட்டுமே ஊற்றி வளர்ப்பவர்களின் தொட்டியிலும் இதே முறுக்கம் வரும்.

இலை மேல் வெண்மையான சொரசொரப்பு

வாலிஸ்நேரியா, வேலம்பாசி எனப்படும் ஹைட்ரில்லா ஆகியவற்றில் இது தெரிகிறது. என் தொட்டியில் முதன்முதலாகக் கண்டபோது அதைப் பூஞ்சை என்றே நினைத்தேன். ஓர் இலையைக் கிள்ளி எடுத்து விரலால் நீவியபோது, மெல்லிய உப்புத்தாள் போல் உரசியது. தட்டில் வைத்து இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும், அந்த வெண்மையின் விளிம்பிலிருந்து மிக நுண்ணிய குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. சாறு ஊறிய இடம் சில நிமிடங்களில் பச்சையாகத் தெளிந்தது. அது சுண்ணாம்பு.

நீரில் கரியமில வாயு தீர்ந்துபோகும்போது இந்தச் செடிகள் நீரிலுள்ள பைகார்பனேட்டைப் பிளந்து தமக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்கின்றன. அப்போது இலையின் மேற்பரப்பில் காரத்தன்மை கூடி, கால்சியம் கார்பனேட் அங்கேயே படிகிறது. ஆக, இது நோயன்று. விளக்கொளிக்கு ஈடாகக் கரியமில வாயு இல்லை என்பதற்கான அடையாளம். விளக்கு எரியும் நேரத்தை ஆறு மணி நேரமாகக் குறைத்து, நீர் மாற்றும்போது பாதிக்குப் பாதி ஆர்.ஓ. நீர் கலந்தால் புதிய இலைகள் தெளிவாக வரும்.

இங்கே என் கருத்தையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். பைகார்பனேட்டைப் பயன்படுத்தும் திறன் எல்லாச் செடிகளுக்கும் இல்லை. ஜாவா மாஸ் போன்ற பாசங்களுக்கும், ஜாவா ஃபெர்ன் போன்ற பெரணிகளுக்கும் அது கிடையாது. கடினநீர் வீட்டில் மென்னீர்ச் செடியைக் கொண்டுவந்து மாதந்தோறும் போராடுவதைவிட, வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வர்ட், கிரிப்டோகொரைன், நம் குளக்கரைகளில் இயல்பாக வளரும் நீர்ப்பிரம்மி ஆகியவற்றை வைத்து நிறைவாக வளர்ப்பதே நல்லது.

தண்டு நெடுகி, கணுக்களின் இடைவெளி கூடுகிறது

ஒளி போதவில்லை. அடியிலைகளும் உதிர்ந்துகொண்டே வரும். மின்சாதனக் கடையில் கிடைக்கும் 6500 கெல்வின் வெண்ணிற எல்.இ.டி. விளக்கே போதுமானது, மீனின் நிறத்தை எடுப்பாகக் காட்ட வைக்கும் நீல விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். விளக்கெரியும் நேரத்தைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாக நீட்டுவதால் பாசிதான் பெருகும். தானியங்கி டைமர் ஒன்று வாங்கி ஏழு மணி நேரம் வைத்துவிடுங்கள்.

செடி தளர்ந்து மிதக்கிறது, வேர் கறுத்திருக்கிறது

மணலை விரலால் கிளறும்போது குமிழி கிளம்பி அழுகிய முட்டை நாற்றம் வந்தால், அடியில் ஆக்சிஜன் இல்லாமல் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகியிருக்கிறது. மாவுபோன்ற மணலை மிக ஆழமாகப் போட்ட தொட்டிகளில் இது நேரும். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பரல் கொண்ட மணலை ஐந்தாறு சென்டிமீட்டர் போட்டால் வேருக்கு மூச்சு இருக்கும். இப்போதே கறுத்துவிட்டதென்றால், முழுவதையும் ஒரே நாளில் கிளறாமல், வாரம் ஒரு பகுதியாகக் குச்சியால் குத்திவிட்டு, அன்றே நீரை மாற்றுங்கள்.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் வேறு வகை. இவற்றின் தடித்த கிடைத்தண்டை மணலுக்குள் புதைத்தால் அது அழுகி இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவரும். நாற்றமடித்து மென்மையான பகுதியைப் பச்சை தெரியும் வரை வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டுங்கள்.

இலையில் பாசி படிகிறது

புதிய தொட்டியில் முதல் இரண்டு மாதத்துக்குள் வரும் பழுப்புப் படலம் தானாகப் போய்விடும், துடைத்தால் போதும். கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் நகத்தால் சுரண்டினாலும் போகாத பச்சைப் புள்ளிகள் வந்தால், ஒளி மிகுந்து பாஸ்ஃபேட் குறைந்திருக்கக்கூடும். 0:52:34 உரத்தை ஒரு கிராமுக்கு 200 மி.லி. என்ற கணக்கில் கரைத்து வாரம் 10 மி.லி. கொடுத்துப் பாருங்கள். தண்ணீரே பச்சையானால் சன்னல் வெயிலை மறைத்து, மூன்று நான்கு நாள் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி, காற்று மோட்டாரை மட்டும் ஓடவிடுங்கள்.

நீலப்பச்சை நிறத்தில் வழுவழுப்பான போர்வையாகப் படிந்து, உரித்தால் தாளாக வருவதும் மண்வாடை அடிப்பதும் பாசியே அன்று, அது சயனோபாக்டீரியா. நீரோட்டம் எட்டாத மூலையில், நைட்ரேட் அற்றுப்போன தொட்டியில் இது பெருகும். குழாயால் உறிஞ்சி எடுத்து, மூன்று நாள் இருட்டடித்து, பிறகு ஃபில்டரின் வாயை அந்த மூலைக்குத் திருப்புங்கள்.

இலை விளிம்பில் கறுப்புத் தாடிபோல் வளர்வது சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது. மீன்கள் இதை எளிதில் தொடுவதில்லை. இது படிந்த அனுபியாஸை வெளியே எடுத்து, 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்ஸைடைத் தூரிகையால் தடவி, இரண்டு மூன்று நிமிடம் வைத்து, நன்றாக அலசி வையுங்கள். நம் மருந்துக்கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 6 விழுக்காட்டுக் கரைசல். லேபிளைப் பார்த்து, சம அளவு நீர் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓரிரு நாளில் கறுப்புத் தாடி இளஞ்சிவப்பானால் அது செத்துவிட்டது என்று பொருள். பிறகு உணவைக் குறைத்து, ஃபில்டர் பஞ்சில் தேங்கிய கசடை நீக்காவிட்டால் அது மறுபடி வரும்.

சித்திரை, வைகாசியில் மட்டும் நலிவு

நீர் 25 டிகிரியில் இருக்கும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 7.6 மி.கி. மட்டுமே. அதே வேளையில் செடியின் சுவாசமும் கூடுகிறது. பகலில் சேர்த்ததை இரவில் செலவழித்துவிடுகிறது. மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஒன்றை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியாகும் நீரை ஆர்.ஓ. நீரால் ஈடுசெய்யுங்கள், ஆழ்துளைக் கிணற்று நீரையே ஊற்றிவந்தால் சுண்ணாம்பு தங்கித் தங்கிக் கூடிக்கொண்டே போகும். மொட்டைமாடித் தொட்டி நீரைப் பிற்பகலில் பிடித்து அப்படியே மாற்றுவது செடிக்கும் மீனுக்கும் பெருந்துன்பம். விடியுமுன் வாளியில் பிடித்து வைத்து ஆறவிடுங்கள்.

நன்றாக இருந்த தொட்டி இரண்டு மூன்று நாளில் மொத்தமாகக் கரைகிறது

இப்படி நேர்ந்தால் சத்துக்குறையைத் தேடாதீர்கள்; கடந்த வாரம் தொட்டிக்குள் என்ன போனது என்று யோசியுங்கள். மீனுக்கு வெண்புள்ளி நோய் என்று கல்லுப்பு போட்டிருக்கலாம். நத்தைக்கோ நோய்க்கோ செம்பு கலந்த மருந்து ஊற்றியிருக்கலாம். திரவக் கார்பன் என்று விற்கப்படும் குளூட்டரால்டிஹைடைக் கணக்கின்றி விட்டிருக்கலாம். இந்தத் திரவத்துக்கு வாலிஸ்நேரியாவும் பாசங்களும் முதலில் பலியாகும். அடுத்தடுத்த இரண்டு நாள் பாதி நீரை மாற்றுங்கள். மருந்தென்றால் ஃபில்டரில் புதிய கரித்தூள் பையைச் சேருங்கள். உப்பை அது எடுக்காது, நீர் மாற்றம் ஒன்றே வழி. இனி மீனுக்கு மருந்து தேவைப்பட்டால், தனி வாளியிலோ சிறு தொட்டியிலோ வைத்துக் கொடுங்கள்.

அதன்பின் கரைந்த இலைகளை நீக்கிவிட்டு, ஒவ்வொரு வாலிஸ்நேரியாவின் அடியிலும் வேர் தொடங்கும் அந்த வெண்ணிறக் கழுத்தை இரு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். நசுங்கிக் குழைந்தால் பிடுங்கிவிடுங்கள். கெட்டியாக இருந்தால், மேலே ஓர் இலைகூட மிஞ்சாவிட்டாலும், அதை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். சில வாரங்களில் அதன் நடுவிலிருந்து நூல்போல் ஓர் இலை கிளம்பும்.